ஏரிக்கு மேலே தொண்ணூற்றொன்று

அந்தச் சனிக்கிழமை சிவனேஸ்வரி தன் போனை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கடைக்கு வந்தாள். மறதியில் இல்லை. அலுமாரியின் கடைசி லாச்சிக்குள் வைத்து, மேலே இரண்டு கம்பளிச் சட்டையைப் போட்டு மூடி, லாச்சியை முழங்காலால் தள்ளிச் சாத்திவிட்டு வந்தாள். தன் கையைத் தானே நம்பாத ஆட்கள் செய்கிற வேலை அது. உங்களில் பிள்ளை தூரத்தில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஃபாரஸ்ட் கேட் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால், மீன்கடைக்கு அடுத்ததாக அவர்களுடைய டிரை கிளீனிங் கடை. பூப்புச் சடங்கான சாமத்திய வீடு முடிந்த கிழமைகளில் சாம்பார் பட்ட பட்டுச்சேலைகள் வரும். மற்ற நாட்களில் ஒபிஸ் கோட்டுகளும் சேர்ட்டுகளும். சனிக்கிழமை காலையில் அவள் பின்பக்கம் நின்று அயன் பண்ணுவாள், கணவர் கல்யாணசுந்தரம் முன்னால் ஆட்களைப் பார்ப்பார். அன்றைக்கு அவள் ஒரே சேர்ட்டின் ஒரே கைக்கு மூன்று தரம் ஆவி அடித்துவிட்டு, அதைத் தொங்கவும் விடாமல் முன்பக்கம் வந்து எட்டிப் பார்த்தாள்.

"எவ்வளவு?"

"நாப்பத்தொண்டு," என்றார் அவர், கண்ணை எடுக்காமல்.

கல்லாவில் சாத்தி வைத்திருந்த அவருடைய போனில் அந்த நாற்பத்தொன்று பச்சை நிறத்தில் நின்றது. அது காய்ச்சலும் இல்லை, லண்டன் வெயிலும் இல்லை. நோர்வேயின் வடக்கு மூலையில், பனிக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வண்டியின் என்ஜினை ஆற்ற அதற்குள் சுற்றுகிற கூலண்டின் சூடு. அந்த வண்டியில் இருப்பது அவர்களுடைய ஒரே மகள் ஜதுர்ஷிகா. மலைகளின் உச்சியில் நிற்கிற போன் கோபுரங்களைத் திருத்துவது அவளுடைய வேலை. றோட்டு இல்லாத இடங்களுக்கு ஸ்னோமொபிலில்தான் போக வேண்டும். அந்த ஊர்க்காரர் அதை ஸ்கூட்டர் என்பார்கள். வீட்டிலும் ஸ்கூட்டர் என்றே சொல்லிப் பழகிவிட்டதால், கடைக்கு வருகிறவர்கள் பிள்ளை ஏதோ பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கிறாள் என்று நினைத்துப் பரிதாபப்படுவார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஊரின் குளிருக்குப் பயந்துதான் இவர்கள் லண்டனுக்கு ஓடி வந்தார்கள். மீன் வெட்டுகிற தொழிற்சாலையில் இரண்டு பேரும் விரல் விறைக்க நின்றவர்கள். பிள்ளைக்குப் பத்து வயதானதும், கோயிலும் சொந்தமும் இருக்கிற இடம் என்று மூட்டை கட்டினார்கள். வளர்ந்து படித்து முடித்த பிள்ளை, வந்த வழியாலேயே திரும்பிப் போய்விட்டாள்.

போன வருடம் ஒரு தடவை அவளுடைய பழைய வண்டி கொதித்து நின்றுபோய், அரை நாள் பனிக்குள் நடந்து வந்து சேர்ந்தாள். அதற்குப் பிறகு வாங்கிய புது வண்டியில், என்ஜின் சூட்டைப் போனுக்கு அனுப்புகிற வசதி இருந்தது. "எங்களுக்கும் அதைத் தா" என்று தகப்பன் நச்சரித்தார். ஒரு போனுக்கு மட்டும் தந்தாள். தரும்போது ஒரு கட்டளையும் போட்டாள்.

"பாக்கலாம். எடுக்கக் கூடாது."

நம்பரைப் பார்க்கலாம், பார்த்துவிட்டு அவளுக்குப் போன் எடுத்துக் கூப்பிடக் கூடாது. இவ்வளவுதான். ஆனால் பாருங்கள், நாற்பதில் நிற்கிற நம்பர் எழுபதுக்கு ஏறும்போது பெற்ற வயிறு எப்படிச் சும்மா இருக்கும்?

சிவனேஸ்வரிக்கு இன்னொரு உறுத்தலும் இருந்தது. அதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. புது வண்டி வந்தவுடன் அவள் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போய், பூசையில் வைத்த எலுமிச்சம்பழம், அவர்கள் சொல்லில் தேசிக்காய், ஒன்றை வாங்கி, மிளகாய்த்தூள் பார்சலோடு நோர்வேக்கு அனுப்பினாள். வண்டியின் கீழ் வைத்து நசித்துவிட்டு ஓடு என்று. பிள்ளையும் நல்ல பிள்ளையாக, வீடியோவில் காட்டிக்கொண்டே, முன்பக்கத்துச் சறுக்குக் கட்டைக்கு அடியில் அதை வைத்தாள். ஆனால் வெளியில் வைத்த கொஞ்ச நேரத்திலேயே தேசிக்காய் கல்லாக உறைந்துவிட்டது. வண்டிதான் அதன் மேல் ஏறித் தொப்பென்று விழுந்தது. தேசிக்காய் அப்படியே உருண்டுபோய் ஒரு பக்கமாகக் கிடந்தது.

"நசியேல்லை அம்மா!" என்று பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள். "இதைக் கொண்டு ஆக்களுக்கு எறியலாம்." பிறகு அதை எடுத்து, என்ஜின் மூடிக்குள் இருக்கிற சாமான் பெட்டியில் போட்டாள். "பத்திரமா இருக்கும். இந்த ஊரில தேசிக்காய் பழுதாகாது."

தாயும் சிரித்தாள். சிரித்துவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றாள். நசியாத தேசிக்காயைப் பற்றி அவள் கேள்விப்பட்டதே இல்லை. ஐயரிடம் கேட்கலாம்தான். அவர் ஏதாவது சொல்லிவிட்டால்?

"அம்பத்தெட்டு," என்றார் கல்யாணசுந்தரம். குரல் மாறியிருந்தது.

"அது ஏத்தம். மலை ஏறுறாள்."

"உமக்கு எப்பிடித் தெரியும்? நான் பன்ரண்டு வருசம் மினிகாப் ஓடினவன். என்ஜின் எப்பிடிச் சூடாகும் எண்டு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுதானே போன ஞாயிற்றுக்கிழமை வாங்கிக் கட்டினனீங்கள்."

போன ஞாயிற்றுக்கிழமையை இரண்டு பேரும் மறக்கவில்லை. அன்றைக்கு நம்பர் எழுபதைத் தாண்டியதும் இவர் எடுத்தார். பிள்ளை பதில் சொல்லி வைத்தாள். நம்பர் எழுபத்தெட்டு. உடனே இவள் எடுத்தாள். எண்பத்திரண்டு. திரும்ப இவர். பெற்றோரின் போனை எடுக்காமல் விட அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. எங்கள் வீடுகளில் எடுக்காத போன் என்றால் என்ன அர்த்தம் என்று சின்ன வயதிலிருந்தே கண்டு வளர்ந்தவள் அவள். மூன்றாம் தரம் எடுத்தபோது வெடித்தாள்.

"அப்பா, அம்மா, ரெண்டு பேரும் கேளுங்கோ. இது கார் இல்லை. இதுக்கு முன்னுக்குக் காத்துப் பிடிக்கிற றேடியேட்டர் இல்லை. வயித்துக்குக் கீழதான் கூலண்ட் ஓடுற தகடு இருக்கு. வண்டி ஓடேக்க சில்லுக்குப் பதிலாச் சுத்துற பட்டி பனியை அள்ளி அந்தத் தகட்டில அடிக்கும். அதாலதான் ஆறும். விளங்குதோ? ஓடினால் ஆறும். நிண்டால் கொதிக்கும். நான் ஏன் நிக்கிறன்? உங்கட போனை எடுக்கத்தான் நிக்கிறன்!"

"அப்ப நிப்பாட்டேக்க என்ஜினையும் நிப்பாட்டன் பிள்ளை," என்றார் தகப்பன்.

"இந்தக் குளிரில நிப்பாட்டித் திருப்பி ஸ்டார்ட் வராட்டி நீங்கள் வந்து தள்ளுவியளோ? இன்னொருக்கா நான் உறைஞ்ச ஏரிக்கு மேல நிக்கேக்க போன் வந்தால், பாஸ்வேர்டை மாத்திப் போடுவன். பிறகு நம்பரும் இல்லை, ஒண்டும் இல்லை."

அதுதான் சிவனேஸ்வரியைக் குடைந்துகொண்டிருந்தது. சூடு ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், அந்தப் பச்சை நம்பரே இல்லாமல் போய்விடுவது. காலையில் எழுந்து அதைப் பார்த்தால்தான் அவளுக்குத் தேத்தண்ணி இறங்கும். பிள்ளை வேலைக்குக் கிளம்பிவிட்டாள், ஓடுகிறாள், இருக்கிறாள் என்று அந்த நம்பர் ஒன்றுதான் சொல்லும். பிள்ளையோ கிழமைக்கு ஒருதரம்தான் கதைப்பாள்.

இன்றைக்கு அவள் போகும் கோபுரம் பெரிய ஏரிக்கு அந்தப் பக்கம். காற்று பனியை எல்லாம் கூட்டித் தள்ளிவிட்டதாம். ஏரி கண்ணாடி மாதிரிக் கிடக்கிறதாம். அப்படிப்பட்ட இடத்தில் பனிக்கட்டியைச் சுரண்டித் தகட்டில் அடிப்பதற்கென்று வண்டிக்குப் பின்னால் இரண்டு கம்பி உண்டு. அதில் ஒன்று முறிந்துவிட்டது. புதுக் கம்பி செவ்வாய்க்கிழமைதான் வரும். இவ்வளவையும் நேற்றுச் சொல்லிவிட்டு, "ஏரியில கொஞ்சம் ஏறும், பயப்பிடாதையுங்கோ. அந்தக் கரையில பஞ்சு மாதிரிப் பனி. அதுக்குள்ள இறங்கினவுடன விழுந்திடும்," என்றும் சொல்லியிருந்தாள்.

"அறுபத்தாறு. ஏரியில இறங்கீட்டாள்," என்றார் கல்யாணசுந்தரம். விரல் போனை நோக்கிப் போய், திரும்பி வந்து, தாடியைச் சொறிந்தது.

"கையைக் கீழ வையுங்கோ."

"நான் சும்மா பாக்கிறன்."

"உங்கட பார்வை எனக்குத் தெரியும்."

பின்னால் பொயிலர் உஸ்ஸென்று சத்தம் போட்டது. அதில் அடைத்த தண்ணீரைத் திறந்துவிட அவர் உள்ளே போனார். நம்பர் எழுபத்து நான்கு. சிவனேஸ்வரி தனியாக அதன் முன்னால் நின்றாள். அந்தப் போனிலிருந்து பிள்ளைக்கு எடுக்க ஒரு தட்டுத் தட்டினால் போதும். கை தானாக நீண்டது. நீண்ட கையைப் பார்த்து அவளுக்கே பயம் வந்தது. சட்டென்று போனைத் தூக்கி, பட்டனை அமர்த்தினால் சுற்றுகிற உடுப்புக் கம்பியில் தொங்கிய கறுத்தக் கோட் ஒன்றின் பிளாஸ்டிக் உறையை உயர்த்தி, உள் பொக்கற்றுக்குள் விட்டாள். ரிக்கற்றைப் பார்த்தாள். கொடுக்கிற நாள் திங்கள் என்று இருந்தது. பட்டனை அமர்த்தினாள். கம்பி நகர்ந்தது. கோட் மற்ற உடுப்புகளோடு ஆடி ஆடிப் பின்னால் போய் மறைந்தது.

கல்யாணசுந்தரம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "போன் எங்க?"

"இல்லை."

"என்னப்பா இல்லை?"

"ஒளிச்சிட்டன். அவள் கரை ஏறின பிறகு தாறன்."

"உமக்கென்ன விசரோ! சூடு ஏறிக்கொண்டு போகுது!"

"அதுதான் ஒளிச்சனான். உங்களுக்கும் ஏலாது, எனக்கும் ஏலாது."

அவள் பின்னால் போய் அயனைப் பிடித்தாள். அவர் முன்னால் லாச்சிகளை இழுத்து இழுத்துச் சாத்துகிற சத்தம் கேட்டது. கல்லாவுக்குக் கீழே, சில்லறைப் பெட்டிக்குள், சாமிப் படத்துக்குப் பின்னால், எல்லா இடமும் தேடினார். ஆளொருவர் வந்த மணிச்சத்தமும் கேட்டது. அவள் கவனிக்கவில்லை. ஒரு சேர்ட், இன்னொரு சேர்ட். மூன்றாவது சேர்ட்டில் அவளுக்கே பொறுக்கவில்லை. ஒருதரம் பார்ப்போம், பார்த்துவிட்டு உடனே வைத்துவிடுவோம் என்று வெளியே வந்து பட்டனை அமர்த்தினாள். கம்பி ஒரு சுற்றுச் சுற்றியது. சேலை, சேர்ட், திரைச்சேலை, சேலை.

"அந்தக் கறுத்தக் கோட் எங்க?"

"எது, ஜெராட்டின்ரையோ? இப்பதானே வந்து எடுத்துக்கொண்டு போனான்."

"ரிக்கற்றில திங்கள் எண்டல்லோ கிடந்தது!"

"இண்டைக்கு அவன்ர தம்பின்ர பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம். அவன்தான் ஞானத்தகப்பன். இண்டைக்கே வேணும் எண்டு நேற்று எனக்குச் சொன்னவன். ஏன்?"

அவள் கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவருக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. விளங்கியதும் அவர் கத்தவில்லை. தன் போனைத் தன் கையாலேயே உறையோடு எடுத்துக் கொடுத்து, "தாங்யூ" என்றும் சொல்லி அனுப்பிய மனிதர் என்னத்தைக் கத்துவது?

கடைப் போனில் ஜெராட்டுக்கு எடுத்தார்கள். அடித்துக்கொண்டே இருந்தது. பிள்ளைக்கு எடுக்கலாம் என்றால் அவளுடைய நோர்வே நம்பர் இரண்டு பேருக்கும் பாடமில்லை. அது பதிந்திருந்த ஒரு போன் லாச்சிக்குள் கம்பளிச் சட்டைக்குக் கீழே கிடந்தது. மற்றது கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"நீர் வீட்டை ஓடிப் போய் உம்மட போனைக் கொண்டு வாரும்."

"கொண்டு வந்து?"

கொண்டு வந்தால் என்ன செய்வார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் போகவில்லை. கதவடிக்குப் போய் றோட்டைப் பார்த்தாள், திரும்பி வந்தாள், ஏற்கெனவே மடித்த சேர்ட்டை விரித்து மடித்தாள். ஏரி எவ்வளவு நீளம் என்று கேட்டு வைத்திருக்கலாமே என்று நினைத்தாள்.

கடைப் போன் அடித்தது. இரண்டு பேரும் பாய்ந்தார்கள். அவள் முந்திவிட்டாள்.

"தங்கச்சி," என்றது ஒரு கிசுகிசுப்பு. ஜெராட் சாதாரணமாகக் கதைத்தாலே பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். அந்த மனிதர் கிசுகிசுத்ததை அவள் அன்றைக்குத்தான் முதல்முதல் கேட்டாள். "நீங்கள் தந்த கோட்டுக்க வாத்து ஒண்டு கத்துது."

"அண்ணை, அது இவரின்ர போன். சூடு கூடினால் அப்பிடித்தான் கத்தும். என்ன நம்பர் காட்டுது?"

"சுவாமியார் 'சாத்தானை விட்டு விடுகிறீர்களா' எண்டு கேக்கிறார், என்ர நெஞ்சுக்க குவாக் குவாக் எண்டு கத்துது. சபை முழுக்கத் திரும்பிப் பாக்குது. பிள்ளை அழத் தொடங்கீட்டுது. நான் வாசலுக்கு ஓடி வந்து நிக்கிறன்."

"அண்ணை, நம்பர்!"

"எண்பத்தெட்டு. சிவப்பில. இது என்ன, உங்கட மனுசன்ர பிறஷரோ?"

அவள் இரண்டு வரியில் சொன்னாள். மகள், ஏரி, என்ஜின். ஜெராட் நாற்பது வருடமாக லொறி ஓடியவர். உடனே அவருடைய குரலில் கிசுகிசுப்புப் போய்விட்டது.

"ஐயோ தங்கச்சி, இப்ப எண்பத்தொன்பது! இது கொதிக்கப் போகுது. பிள்ளையை நிப்பாட்டச் சொல்ல வேணும். போன் பூட்டிக் கிடக்கு. அந்த நாலு நம்பரைச் சொல்லுங்கோ, நான் இதிலையிருந்தே பிள்ளைக்கு அடிக்கிறன்."

நாலு நம்பர். அது பிள்ளை பிறந்த வருடம். அவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

பக்கத்தில் நின்ற கல்யாணசுந்தரத்துக்கும் கேட்டுவிட்டது. "சொல்லும்! சொல்லுமன்!"

"தொண்ணூறு," என்றது போன்.

சிவனேஸ்வரியின் வாய் திறந்தது. முதல் நம்பர் நாக்கின் நுனியில் வந்து நின்றது. ஒரு கல்லுத் தேசிக்காய் கண்ணுக்குள் உருண்டது. பிள்ளை அந்தக் கண்ணாடி ஏரியின் நடுவில், கையுறையைப் பல்லால் கடித்து இழுத்து, போனை எடுத்துக் காதில் வைக்கிறாள். "என்னம்மா?" என்கிறாள். அவளுக்குக் கீழே என்ஜின் நின்ற இடத்திலேயே நின்று கொதிக்கிறது.

"தொண்ணூற்றொண்டு. தங்கச்சி, சொல்லுங்கோ!"

"எடுக்காதையுங்கோ."

"என்ன?"

"எடுக்காதையுங்கோ அண்ணை. அவள் ஓடட்டும். ஓடினால்தான் ஆறும். நாங்கள் எடுத்தால் அவள் நிப்பாள். நிண்டால்தான் கொதிக்கும்."

"என்ன கதை கதைக்கிறீர்!" என்றார் கல்யாணசுந்தரம். போனைப் பறிக்கக் கை நீட்டினார். அவள் அதைத் தன் நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அவருடைய முகத்தைப் பார்த்தாள். இந்த மனிதர் மீன் தொழிற்சாலையில் தன் கையுறையைக் கழற்றி அவளுக்குத் தந்தவர்.

"நீங்கள்தானே அண்டைக்கு அவளின்ர வாயால கேட்டனீங்கள்," என்றாள் மெதுவாக. "அவளுக்கு அந்த வண்டியைத் தெரியும். எங்களுக்குத் தெரியாது."

நீட்டிய கை அப்படியே கல்லாவில் இறங்கியது.

உள்ளே யாரோ ஜெராட்டைக் கூப்பிடுவது போனில் கேட்டது. "சுவாமியார் காத்துக்கொண்டு நிக்கிறார் தங்கச்சி. நான் போக வேணும். இதின்ர சத்தத்தை அமத்திப் போட்டுப் போறன். முடிஞ்சவுடன சொல்லுறன். தொண்ணூற்றுநாலு..." வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நம்பர் இல்லை. எந்த நம்பருக்காகப் பயந்தார்களோ, அது இல்லாமல் இரண்டு பேரும் நின்றார்கள். ஒரு பெண் வந்து திரைச்சேலை தந்துவிட்டுப் போனாள். ரிக்கற்றில் அவளுடைய பெயருக்குப் பதிலாக "ஏரி" என்று எழுதிவிட்டு, கல்யாணசுந்தரம் அதை வெட்டி எழுதினார். சிவனேஸ்வரி அயனைப் பிடித்தபடி துணி இல்லாத மேசைக்கு ஆவி அடித்தாள். அடித்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பொயிலரின் முள் எப்போதும் போல நடுவில் நின்றது. அது நிற்பதைக் காண அவளுக்குக் கோபம் வந்தது.

கடைப் போன் அடித்தது.

"ஜெராட்! எவ்வளவு?" என்று கத்தினார் கல்யாணசுந்தரம்.

"அம்பத்திரண்டு! பச்சை! விழுந்திட்டுது!" மனிதர் பழைய குரலுக்கு வந்துவிட்டார். பின்னால் சபை பாடுவது கேட்டது. "கல்யாணம், ஒரு பிள்ளைக்குத் தண்ணி வாத்தாச்சு, மற்றப் பிள்ளையின்ர தண்ணி ஆறீட்டுது. ஆனா ஒண்டு சொல்லுறன், உன்ர போன் பத்துப் பதினைஞ்சு தரம் அடிச்சிருக்கு. சத்தத்தை அமத்தினதால தெரியேல்லை."

ஆர் அடித்தது என்று கேட்பதற்குள் அவர் வைத்துவிட்டார். வைத்த கையோடு திரும்பவும் அடித்தது. இந்தமுறை சிவனேஸ்வரி எடுத்தாள்.

"அம்மாவோ? அம்மா! ஏன் ஒருத்தரும் போன் எடுக்கேல்லை?" பிள்ளையின் குரல் அழுகையில் கிழிந்திருந்தது. "கரை ஏறீட்டன் எண்டு சொல்ல அப்பாவுக்கு எடுத்தன். அடிச்சு அடிச்சு நிக்குது. உங்களுக்கு எடுத்தன், அதுவும் அப்பிடி. கடைக்கு எடுத்தால் எங்கேஜ். குரோய்டன் சித்திக்கு எடுத்து, அவ இப்ப கோட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டிட்டா. அப்பாக்கு என்ன? நெஞ்சுநோவோ?"

சிவனேஸ்வரிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. "ஒண்டும் இல்லை ராசாத்தி. அப்பா இஞ்சதான் நிக்கிறார். போன் ஞானஸ்நானத்துக்குப் போட்டுது."

"என்னது?"

"பிறகு சொல்லுறன்."

பிள்ளை மூக்கை உறிஞ்சினாள். மூச்சு வாங்கினாள். "தொண்ணூற்றஞ்சு மட்டும் போனது அம்மா. நீங்கள் எடுப்பியள், எடுப்பியள் எண்டு நினைச்சுக்கொண்டே ஓடினன். எடுக்கேல்லை."

"இல்லை. எடுக்கேல்லை."

கல்யாணசுந்தரம் காதைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"அம்மா, இன்னொண்டு. கரையில மூடியைத் திறந்து பாத்தனான். அந்தச் சூட்டில தேசிக்காய் இளகிப் போய்க் கிடந்தது. தொட்டால் மெத்தெண்டு இருந்துது. சரி எண்டு எடுத்துச் சறுக்குக் கட்டைக்குக் கீழ வைச்சு, மேல ஏத்தினன்."

"பிறகு?"

"சளக் எண்டு நசிஞ்சுது. பனியில சின்னனா மஞ்சள் பொட்டு."

சிவனேஸ்வரி கையை வாயில் வைத்துக்கொண்டாள். பிள்ளையின் குரலுக்குப் பின்னால், நின்ற இடத்தில் நின்று உறுமிக்கொண்டிருக்கும் என்ஜினின் சத்தம் அவளுக்கு அப்போதுதான் கேட்டது. கேட்கவும் சொல்லவும் அவளிடம் எவ்வளவோ இருந்தது. பிள்ளையும் வைக்கிற எண்ணத்தில் இல்லை.

"சரி, வை பிள்ளை," என்றாள் தாய். "நிண்டு கதைச்சால் அது கொதிக்கும். ஓடு."

முதல் முறையாக, அவளே முந்திப் போனை வைத்தாள்.